மீன் தொட்டித் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

வாரத்துக்கு ஒரு தடவை முப்பது லீட்டர் அழுக்குத் தண்ணீரை வீட்டுக்குள்ளிருந்து வெளியே அனுப்ப வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இந்த முப்பது லீட்டருக்கு எங்கள் வீட்டில் ஒரு வழி இல்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. தண்ணீர் வருவதற்கு வழி இருக்கிறது. மேலே ஊற்று, ஊற்றிலிருந்து தாங்கி, தாங்கியிலிருந்து குழாய், குழாயிலிருந்து குசினி என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார். வந்த தண்ணீர் எப்படிப் போகும் என்பதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

தம்பி மகன் பள்ளிக்கூடத்துக்காக எங்களோடு தங்கியிருக்கிறான். மீன் என்றால் அவனுக்கு உயிர். ஹட்டனில் வாங்கிய கண்ணாடித் தொட்டி, 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நிரப்பினால் 120 லீட்டருக்கு மேலே பிடிக்கும். அதற்குள் தங்கமீன்கள். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற நோர்வூட்டில், பனி இறங்குகிற மாதங்களில் கைகழுவவே தயங்குகிற குளிரில், ஹீட்டர் போடாமல் வளர்க்கக்கூடிய மீன் அதுதான். மற்ற வகைகளுக்குக் கரண்ட் பில்லைப் பார்க்க வேண்டும். ஆனால் தங்கமீனுக்கு ஒரு குணம் உண்டு. நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். அதனால் தண்ணீர் சீக்கிரம் கெடும்.

“ஓயாவுல மீன் இல்லையா, அதுக்கு யாரு தண்ணி மாத்துறா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓயாவில் தண்ணீர் நிற்பதில்லை, அதனால் மாற்ற வேண்டியதில்லை. தொட்டியில் அது நிற்கிறது. மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா வெளியாகிறது. அது மீனுக்கு நஞ்சு. தொட்டியின் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியிருக்கிற பக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக்கும், அதை இன்னொரு வகை பக்டீரியா நைத்திரேற்றாக்கும். அமோனியாவையும் நைத்திரைற்றையும் விட நைத்திரேற்று சாது. ஆனாலும் அது தானாக எங்கும் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். அதைக் குறைக்க எளிய வழி பழைய தண்ணீரில் கால்வாசியை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவதுதான். மொத்தத்தையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது. குளிரும் தன்மையும் திடீரென்று மாறினால் மீன் தாங்காது. ஆக, வாரா வாரம் கால்வாசி. அதுதான் அந்த முப்பது லீட்டர்.

எடுப்பது பெரிய வித்தை இல்லை. கண்ணாடிபோலத் தெரியும் அரை இன்ச் டியூப் ஒன்று, ஒரு முனை தொட்டிக்குள், மறு முனை கீழே. டியூபை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, மறுமுனையைத் தொட்டி மட்டத்துக்குக் கீழே இறக்கினால் தண்ணீர் தானாக ஏறி, தானாக இறங்கி வரும். மோட்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மறுமுனை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வேகம். கல்லுக்கிடையில் தங்கிய அழுக்கு மஞ்சள் புகைபோல எழுந்து டியூபுக்குள் ஏறுவதைப் பிள்ளை முழங்காலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அந்தப் பத்து நிமிடமும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. டியூபின் மறுமுனையை எங்கே விடுவது?

தரைக்கு மேலே தூண் நிறுத்திப் பலகைத் தளம் போட்ட வீடுகள் வெளிநாடுகளில் உண்டு. தளத்துக்கும் நிலத்துக்கும் இடையே ஆள் தவழ்ந்து போகிற அளவு வெளி இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மீன் வளர்க்கிறவர் தொட்டிக்குப் பக்கத்தில் பலகையில் ஒரு ஓட்டை போட்டு, கீழே குழாயை ஓடவிட்டு, வீட்டுக் கழிவுக் குழாயோடு சேர்த்துவிடுவார். பின்னால் யோசனை வந்தாலும் செய்யலாம். எங்கள் மலையிலும் பழைய துரை பங்களாக்கள் சிலவற்றில் அந்த மாதிரிப் பலகைத் தளம் பார்த்திருக்கிறேன். சுவரடியில் காற்றுப் போக இரும்புச் சட்டம் போட்ட சின்னச் சின்னத் துவாரங்கள். துரை வீட்டுத் தரைக்குக் கீழே காற்றுக்கும் இடம் இருந்தது.

எங்கள் வீட்டுத் தரை மண்ணிலேயே கிடக்கிறது. மலையை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்தி, கல் போட்டு, கொங்கிறீட் ஊற்றி, மேலே சீமெந்து பூசி முடித்துவிட்டார்கள். தரைக்கு அடியில் ஒன்றும் இல்லை. தரையில் ஒரு துவாரமும் இல்லை. சாலையில் ஒரு வாளி தண்ணீர் கவிழ்ந்தால் அது போக இடமில்லை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் தேங்கி நிற்கும். துணி போட்டு ஒற்றி, பிழிந்து, ஒற்றி, பிழிந்துதான் எடுக்க வேண்டும். வீடு கழுவுகிற வழக்கமுள்ள சனம் நாங்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவோம். கழுவிய தண்ணீரை விளக்குமாற்றால் நிலைப்படி தாண்டித் தள்ளுவதற்குள் இடுப்பு ஒடிந்துபோகும்.

வீடு கட்டும்போது வேலை செய்த மேசன் பாஸை ஒருநாள் டவுனில் கண்டேன். கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“டீச்சர், தளம் போட முந்தி சொல்லியிருந்தா ரெண்டு இன்ச் பைப்பு ஒன்னு வச்சி விட்ருப்பேன். ஒரு மணித்தியால வேல. பிளான்ல இல்லாதத நாங்களா வைக்க ஏலாதே. இப்ப ஒடச்சீங்கன்னா மொத்தத் தரையும் வெடிப்பு விடும்.”

ஒரு மணித்தியால வேலை, ஒரு துண்டு எஸ்லோன் பைப், ஒரு எல்போ. வரைபடம் போட்டவருக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவரிடம் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு வீடு வரும்போது எப்போதும் இப்படித்தான், சாவியைக் கையில் கொடுக்கிற நாளில்தான் வீட்டின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்க்கிறோம்.

சரி, தரையில் துவாரம் இல்லை, ஜன்னல் இருக்கிறதே என்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஒரு விதத்தில் மலையில் இருப்பவருக்கு இது பெரிய வசதி. எங்கள் வீட்டின் முன்வாசல் பாதைப் பக்கம், மேட்டில். பின்பக்கம் சரிவு. பின் ஜன்னலுக்கு வெளியே நிலம் ஆறேழு அடி இறங்கிவிடுகிறது. ஜன்னல் வழியாக ஹோஸ் பைப்பை விட்டால் தண்ணீர் சும்மா பாய்ந்து போகும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சமதரையில் இருப்பவர்களுக்கு இந்த வாட்டம் கிடைக்காது. ஆனால் அவர்களுக்கு வேறொன்று கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தில் என் சிநேகிதி வீட்டில் கிணற்றடித் தண்ணீர் முழுக்க வாழைக்குப் போகும். ஊற்றிய இடத்திலேயே மண் குடித்துவிடும். அவளுடைய தண்ணீர் அவளுடைய வளவிலேயே முடிந்துபோகும்.

இங்கே என் வளவில் எதுவும் முடிவதில்லை. ஏழு பேர்ச் காணி, அதில் பாதி வீடு, மீதி சரிவு. சரிவின் முடிவில் பணிய வீட்டின் பின்சுவர். என் ஜன்னலிலிருந்து விழுகிற தண்ணீர் நாலைந்து பாய்ச்சலில் அந்த வீட்டுக் குசினிச் சுவரடிக்குப் போய்ச் சேர்கிறது. மலையை வெட்டிக் கட்டிய வீடு என்பதால் அந்தச் சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையே இரண்டடி இடைவெளிகூட இல்லை. அங்கே தேங்கிய தண்ணீர் சுவருக்குள்தான் போக வேண்டும்.

பணிய வீட்டு அக்கா சண்டைக்காரி இல்லை. கொழுந்தெடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் வாசலுக்கு ஏறி வந்து நின்று சொன்னார்: “டீச்சர், ஒங்க மீனு நல்லா இருக்கட்டும். புள்ள ஆசையா வளக்குறான், நா ஒன்னுஞ் சொல்லல்ல. ஆனா எங்க குசினி செவுரு ஊறிக்கிட்டே வருது. அடுப்பு மூட்ட ஏலாம கெடக்கு. நா என்னா செய்யட்டும், நீங்களே சொல்லுங்க.” போய்ப் பார்த்தேன். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கருப்பு. விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிர்கிறது. விறகு அடுக்கி வைத்த மூலையில் விறகெல்லாம் பூஞ்சணம். அந்த வீட்டில் மூச்சிழுப்பு உள்ள ஒரு சிறு பிள்ளையும் இருக்கிறது.

அந்த அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அதே தண்ணீர் என் வீட்டுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்களுக்கு மேலே, பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக் குசினித் தண்ணீர், குளித்த தண்ணீர், உடுப்பு கழுவிய தண்ணீர் எல்லாம் பாதையைக் குறுக்கே கடந்து என் முன்வாசலில் இறங்குகிறது. சவர்க்கார நுரையோடு வந்து படியடியில் நிற்கும். மேல் வீட்டு அண்ணனிடம் நான் போய்ச் சொன்னால் அவர் தனக்கு மேலே உள்ள வீட்டைக் காட்டுவார். காட்டினார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. இந்த மலையில் ஒவ்வொரு வீடும் மேல் வீட்டிடம் குறைபட்டுக்கொண்டு கீழ் வீட்டிடம் ஏச்சு வாங்குகிறது. ஒன்றாகப் பிரட்டுக்கு நின்றவர்கள், ஒன்றாகக் காமன் கூத்து ஆடியவர்கள், ஒரு வாளித் தண்ணீருக்காக முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள். இதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

முப்பது லீட்டர் பெரிய கணக்கில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு குடும்பம் ஒரு நாளில் சமைத்து, கழுவி, குளித்து வெளியேற்றுகிற தண்ணீர் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் குசினித் தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போகிறது, கண்ணில் படுவதில்லை. எங்கள் குசினித் தொட்டியின் குழாய் சுவரைத் துளைத்து வெளியே வந்து, நிலத்துக்கு ஓரடி மேலே, அந்தரத்தில் முடிகிறது. அதற்குக் கீழே மண் கரைந்து ஒரு குழி விழுந்திருக்கிறது. அத்திவாரக் கல் ஒன்று வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. மீன் தொட்டித் தண்ணீர் பத்து நிமிடத்தில் ஒரேயடியாகப் போகிறபடியால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அக்கா வீட்டுச் சுவர் ஊறியது மீன் வாங்குவதற்கு முன்பே. மீன் வந்த பிறகுதான் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசினோம்.

ஜன்னல் வழியாக விடுவதை நிறுத்திவிட்டோம். இப்போது வாளியில் பிடித்து, வீட்டுக்குள் நடந்து, நிலைப்படி தாண்டி, வளவின் ஓரத்தில் இருக்கிற பாத்திக்குக் கொண்டுபோகிறோம். தொட்டித் தண்ணீர் செடிக்கு நல்ல உரம். அதிலிருக்கிற நைத்திரேற்றைச் செடி ஆசையாக எடுத்துக்கொள்ளும். போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் ஊற்றிய பிறகு இலையின் பச்சையே வேறு. தை, மாசியில் வெயிலடிக்கிற நாட்களில் அக்கா வீட்டுப் பிள்ளைகள் வந்து இரண்டு வாளி கேட்டு வாங்கிப் போவார்கள். அந்த மாதங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மே மாதம் மழை பிடித்தால் கதை மாறிவிடும். தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்தை விடுவதில்லை. நாள்கணக்கில் தூறி, இடையில் கொட்டி, மறுபடி தூறும். அது ஓய்ந்தாலும் ஐப்பசி மழை வந்துவிடும். அப்போது பாத்தி மண் ஊறிச் சேறாகிக் கிடக்கிறது. ஊற்றிய தண்ணீர் மேலோடேயே வழிந்து மறுபடி அக்கா வீட்டுக்குத்தான் போகும். மீனுக்கு நோய் கண்டு உப்புப் போட்ட வாரங்களில் பாத்தியில் ஊற்றவே கூடாது, செடி கருகிவிடும். கக்கூஸில் ஊற்றலாமே என்றால், அந்தக் குழியும் இந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதுவும் அளவாக வெட்டியது. வாரா வாரம் அதில் தண்ணீர் ஊற்றினால் குழி நிரம்பி வேறொரு சங்கடம் வரும்.

ஓயாவுக்குக் கொண்டுபோய் ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. அதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். கெசல்கமுவ ஓயா போய்க் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, கீழே மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. கொழும்புக்காரர் அம்பத்தளையில் சுத்திகரித்துக் குடிக்கிற தண்ணீர் அது. மீன் கடையிலிருந்து வந்த நோய்க்கிருமி ஆற்று மீனுக்குத் தொற்றினால் யார் பொறுப்பு? களனி முதல் நில்வளா வரையிலான ஆற்றுப் படுகைகளில், நிழல் விழுகிற சிற்றோடைகளில், செரி பார்ப் என்றும் பிளாக் ரூபி பார்ப் என்றும் இரண்டு சின்ன மீன்கள் இருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதவை. செரி பார்ப் மீனை 1929இல் தெரணியகல என்ற விலங்கியலாளர் விவரித்துப் பெயரிட்டார். இன்று உலகம் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகளில் நீந்துகிறவை அவை. அந்த ஆற்றின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு கடை மீன் தண்ணீரை ஊற்ற எனக்கு மனம் வராது. வளர்க்க முடியாமல் போன மீனை ஓயாவில் விட்டுவிடுகிறவர்களையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

இந்த ஓயாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை நினைக்கும்போதுதான் ஆத்திரம் அதிகமாகிறது. காசல்ரீ அணையை 1965இல் கட்டினார்கள். அங்கே பிடித்த தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்க வழியாக நோர்ட்டன் பிரிட்ஜில் இருக்கிற விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. அங்கே சுழலியைச் சுற்றிவிட்டு வெளியே வந்ததை மறுபடி பிடித்து, 1950இலிருந்து ஓடுகிற பழைய லக்சபான மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து பொல்பிட்டியவுக்கு. ஒரு சொட்டு வீண்போகாமல், வாட்டத்தை அளந்து அளந்து, மலையைத் துளைத்து, ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறார்கள். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இதற்குத் திட்டம் எழுதி வைத்தார். தண்ணீர் மேலேயிருந்து கீழே எப்படிப் போகும் என்பது இந்த நாட்டுக்குத் தெரியாத விஷயமில்லை. அதே மலையில், அதே வாட்டத்தில், என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் இடையே முப்பதடிக் கான் ஒன்று போட மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அணைவரைக்கும் போவானேன்? தோட்டத்தையே பாருங்கள். தேயிலை மலையில் கான் இல்லாத இடம் உண்டா? சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கான், அதையெல்லாம் சேர்த்து இறக்க ஒரு பெரிய கான். மண் அரித்துத் தேயிலையின் வேர் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வெட்டி வருகிறார்கள். கான் வெட்டு என்று தனி வேலையே உண்டு. ஒரு பேருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. என் அப்பா மண்வெட்டியோடு அந்தக் கானில் நின்று முதுகு வளைந்தவர். மாலையில் அவர் திரும்பி வந்த லயத்தில், அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரை இஸ்தோப்பில் நின்று வீசி எறிவார். தேயிலைச் செடியின் காலடியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்ட தோட்டம் அது.

லயத்தில் கானே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பழைய லயங்களில் வாசலோரமாக ஒரு கான் நீளத்துக்கு ஓடியது. அதைக் கூட்டித் தள்ள வாசல் கூட்டி என்று ஒருவரைத் தோட்டமே வைத்திருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் அடைந்து கிடந்த கொடுமையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நான் அதைத் திரும்பச் சொல்லவில்லை. காம்பரா போதாமல் சனம் முன்னுக்கும் பின்னுக்கும் தகரம் இறக்கிக் குசினி கட்டியது. அதற்குள் கான் மூடுண்டது. வாசல் கூட்டிகள் ஓய்வு பெற்றார்கள். அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வரவில்லை. பிறகு லயத்தை விட்டுத் தனித்தனி வீடு கொடுத்தார்கள். தனி வீடு பெரிய விஷயம், அதற்காகப் போராடியவர்களை நான் மறக்கவில்லை. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் எங்கள் நோர்வூட் மைதானத்தில் நின்று மலையகத்துக்கு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது, கூட்டத்தில் எழுந்த ஆரவாரத்தை நானும் கேட்டேன். தனி வீட்டுக்கு எங்கள் சனம் எவ்வளவு ஏங்கிக் கிடந்தது என்பது அந்த ஆரவாரத்தில் தெரிந்தது.

ஆனால் வரிசையாக ஒட்டிக் கிடந்த லயத்துக்கு ஒரு கான் போதும். மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கிற தனி வீடுகளுக்கு ஒவ்வொன்றையும் தொட்டு இறங்குகிற கான் வேண்டும். வீட்டை எண்ணுகிறவர்கள் கானை எண்ணுவதில்லை. இத்தனை வீடு கட்டி முடித்தோம் என்று பலகை நடலாம், நாடா வெட்டலாம். இத்தனை அடி கான் போட்டோம் என்று யாரும் நாடா வெட்டியதை நான் பார்த்ததில்லை.

ஊறுகுழி வெட்டி வளவுக்குள்ளேயே விடுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் எனக்குப் புத்தி சொன்னார்கள். சமதரையில் அது நல்ல யோசனை. வெட்டிக் கொட்டிய மண்ணில், சரிவில், வீட்டுக்கு வீடு ஊறுகுழி வெட்டினால் என்ன ஆகும்? 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாடு முழுக்க எத்தனை சரிவுகள், எத்தனை சாவுகள்! ஊறிக் கனத்த மண்தான் இறங்குகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வருஷா வருஷம் சொல்கிறார்கள்: சரிவில் தண்ணீரை ஊறவிடாதீர்கள், கான் கட்டி வெளியே எடுங்கள், நிலத்தில் வெடிப்பு கண்டால், மரம் சாய்ந்தால், புதிதாக ஊற்றுக் கிளம்பினால், தண்ணீர் கலங்கி வந்தால் வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்று. என் முப்பது லீட்டரால் மலை சரியாது. ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நாளும் ஊற்றுகிற தண்ணீர் மழையோடு சேர்ந்து போவது அதே மண்ணுக்குள்தான். ஊறவிடாதே என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். ஊறவிடாமல் வேறெங்கே கொண்டுபோக என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். தோட்டத்தில் கேட்டால், காணி உங்களுக்குக் கொடுத்தாயிற்று, இனி உங்கள் பாடு என்கிறார்கள். வீடு கட்டிக் கொடுத்தவர்களைத் தேடினால், திட்டம் முடிந்து கோப்பு மூடியாயிற்று. இன்னோர் அலுவலகத்தில், கான் ஓட வேண்டிய இடம் தோட்டத்துக்குச் சொந்தம், அவர்கள் கடிதம் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். கடிதம் கேட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால், அந்தக் கடிதத்தைக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, கம்பனியில் கேட்க வேண்டும் என்றார் அங்கிருந்தவர். ஒருவரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. டீச்சர் என்று கதிரை போட்டு உட்கார வைத்துத்தான் இல்லையென்று சொன்னார்கள்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அந்தப் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க ஏலாது என்று முப்பது வருஷம் எங்களுக்குக் கைவிரித்தார்கள். வாக்குப் போடலாம், ஆளனுப்பலாம், ஒரு விளக்குப் போடக் கேட்கக்கூடாது. அம்பகமுவையிலிருந்து பிரிந்து நோர்வூட் தனிச் சபையாகி 2018 பெப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. அதே வருஷம் அந்த 33ஆம் பிரிவையும் திருத்தினார்கள். சட்டத்தில் இருந்த தடை போய்விட்டது. அதற்காகப் பாராளுமன்றத்தில் வாதாடியவர்களுக்கு நன்றி. ஆனால் தடை இருந்த காலத்தில் பழகிப்போன “அது தோட்டம்” என்ற பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை. மேசைக்கு மேசை அதைத்தான் கேட்கிறேன்.

நாங்கள் கேட்பது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன், யாராவது வாசித்தால் உதவும். இனிக் கட்டப்போகிற வீடுகளில், தளம் போடுவதற்கு முன், சாலையிலும் குசினியிலும் தரை மட்டத்தில் ஒவ்வொரு துவாரமும் இரண்டு இன்ச் பைப்பும். தரையை அந்தத் துவாரத்தை நோக்கி லேசாக வாட்டம் வைத்துப் பூச வேண்டும். ஊரில் எந்த மேசன் பாஸுக்கும் இது தெரிந்த வேலை. வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டோரம் சீமெந்துக் கான். அந்தக் கான் அடுத்த வீட்டு வாசலில் முடியாமல் அதைக் கடந்து போக வேண்டும். இதெல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும்; வரைபடத்தில் இல்லாததை பாஸ் செய்ய மாட்டார் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஏற்கெனவே கட்டிய எங்களுக்கு, அரைவட்டச் சீமெந்துக் கான் துண்டுகளைக் காணி எல்லையோரமாகப் பதித்து இறக்கினால் போதும். மேல் வீட்டு அண்ணன், நான், பணிய வீட்டு அக்கா மூன்று பேரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். மேல் வீட்டு அண்ணன் கானில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கயிறு கட்டி, மட்டம் பார்த்து, எங்கே எத்தனை இன்ச் இறக்க வேண்டும் என்று குச்சி நட்டு அடையாளம் போட்டுவிட்டார். துண்டுகளுக்கான காசை மூன்று வீடும் பிரித்துக்கொள்கிறோம். வெட்டுக்கூலி எங்களுடையது. அக்கா வீட்டுக்குக் கீழே இருபதடி போனால் தேயிலை மலையின் பெரிய கான் வருகிறது. அதோடு சேர்த்துவிட்டால் தண்ணீர் யார் சுவருக்கும் போகாது.

அந்த இருபதடி தோட்டத்து நிலம். அதற்குத்தான் அனுமதி கேட்டு மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். சவர்க்காரத் தண்ணீர் தேயிலைக்குக் கெடுதல் என்று சொல்லக்கூடும் என்பதால், கான் சேருமிடத்தில் கல்லும் மணலும் போட்ட வடிதொட்டி ஒன்று கட்டித் தருகிறோம் என்றும் எழுதியிருக்கிறோம். பிறகு அதை யார் துப்பரவு செய்வது என்று கேட்பார்கள். நாங்களே செய்வோம். ஒரு மாதம் அண்ணன், ஒரு மாதம் நான், ஒரு மாதம் அக்கா. அதையும் கடிதத்தில் எழுதியாயிற்று. மே மாத மழைக்கு முன் பதில் வேண்டும். மண் நனைந்த பிறகு அங்கே மண்வெட்டி போட முடியாது.